பசியில்லாத தீனி

பள்ளிக்கூடத்தில் யாரோ வைத்த பட்டப்பெயர் லாரி. நாற்பது வயதைத் தாண்டியும் அது அவரை விட்டுப் போகவில்லை. பிரிட்ஜ் ரிப்பேர் கடையில் முதலாளியிலிருந்து வாடிக்கையாளர்கள் வரை எல்லாருக்கும் அவர் லாரிதான். அதில் அவருக்கு வருத்தமும் கிடையாது. "வண்டிக்கு ஏத்த பேரு" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

வேலையில் கெட்டிக்காரர். கதவில் காதை வைத்தாலே மோட்டார் போயிருக்கிறதா, கேஸ் கசிகிறதா என்று சொல்லிவிடுவார். உடம்புதான் ஒத்துழைக்கவில்லை. பிரிட்ஜின் கோளாறெல்லாம் பின்பக்கம் தரையோடு ஒட்டி இருக்கும். அவர் குனிந்தால் மூச்சு வாங்கும், உட்கார்ந்தால் எழுந்திருக்க ஆள் வேண்டும். ஒருநாள் ஒரு வீட்டில் சுவருக்கும் பிரிட்ஜுக்கும் நடுவில் போனவர் முன்னாலும் வர முடியாமல் பின்னாலும் போக முடியாமல் மாட்டிக்கொண்டார். வீட்டுக்காரரும் பக்கத்து வீட்டுக்காரரும் சேர்ந்து பிரிட்ஜை இழுத்துத்தான் அவரை வெளியே எடுத்தார்கள். அந்த வீட்டுக் குழந்தை வாய்விட்டுச் சிரித்தது. அவரும் கூடவே சிரித்துவிட்டு, வேலையை முடித்துவிட்டு, வீட்டுக்கு வந்து அக்காவுக்குப் போன் செய்து, நீ சொன்ன அந்த ஆபரேஷனுக்கு வருகிறேன் என்றார்.

அக்கா வெகுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்ததுதான். சர்க்கரை ஏறிக் கிடந்தது, ரத்த அழுத்தம் ஏறிக் கிடந்தது, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்தது. வயிற்றின் பெரும்பகுதியை வெட்டி எடுத்து, மிச்சத்தை ஒரு குழாய் மாதிரி தைத்துவிட்டார்கள்.

முதல் வருஷம் அவருக்கே நம்ப முடியவில்லை. அரை முட்டை சாப்பிட்டால் வயிறு நிறைந்தது. சட்டைகள் தொளதொளத்தன. கண்ணாடிக் கடையில் வேலை செய்யும் அவர் மனைவி, வாடிக்கையாளர்களிடம்கூடப் புருஷனின் பழைய போட்டோவையும் புதுப் போட்டோவையும் காட்டினாள். சர்க்கரை மாத்திரையை நிறுத்தினார்கள். மகளோடு நடந்தே கடைத்தெருவுக்குப் போய்வந்தார். பெயர் மட்டும் லாரியாகவே இருந்தது.

இரண்டாம் வருஷம் அது ஆரம்பித்தது. பசி என்று அதைச் சொல்ல முடியாது. பசி எப்படி இருக்கும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். இது வேறு. ஒரு பிஸ்கட்டை எடுப்பார். அது முடிவதற்குள் கை அடுத்ததற்குப் போயிருக்கும். போதும் என்று நினைப்பார், நினைத்துக்கொண்டே சாப்பிடுவார். சின்ன வயிறு வலிக்கும், கொஞ்சம் எதிர்க்களித்துத் துப்புவார், வாயைக் கொப்பளித்துவிட்டு மறுபடி அதே பாக்கெட்டுக்கு வருவார். கெட்டியான சாப்பாடு உள்ளே போகாது. ஐஸ்கிரீம், பால் பவுடர், டீயில் ஊறவைத்த ரொட்டி என்று வழுக்கிக்கொண்டு போவதெல்லாம் போகும். அளவைப் பார்த்தால் பழைய லாரி ஒரு வேளைக்குச் சாப்பிட்டதில் கால்வாசிகூட இருக்காது. ஆனால் பழைய லாரி சாப்பிட்டு முடித்து எழுந்திருப்பார். இவருக்கு எழுந்திருக்க வரவில்லை.

மனைவிக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது கோபம் வந்தது. வயிற்றை அறுத்த பிறகுமா நாக்கு அடங்கவில்லை என்று கேட்டாள். அக்கா அதைவிட ஒரு படி மேலே போய், உனக்காக நான் அலைந்த அலைச்சலெல்லாம் தண்ணீரில் போட்டாய் என்றாள். அதற்குப் பிறகு அவர் ஒளித்துச் சாப்பிட ஆரம்பித்தார். கருவிப்பெட்டியில் ஸ்பேனர்களுக்கு அடியில் பிஸ்கட் இருந்தது. எடை மெல்ல மெல்லத் திரும்பி வந்தது.

அவர் வேலை வேறு அப்படி. நாள் முழுக்க அடுத்தவர்களின் பிரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டுதான் உட்கார வேண்டும்.

ஒரு வீட்டில் பிரிட்ஜ் குளிராமல் போயிருந்தது. அந்த வீட்டுப் பெண்ணின் மகனுக்கு மறுநாள் பிறந்தநாள். உள்ளே இருப்பதையெல்லாம் எடுத்து மேஜையில் வைத்துவிட்டுப் பாருங்கள், கேக்கை மட்டும் ஜாக்கிரதையாக எடுங்கள் என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த அறைக்கு யாரிடமோ போனில் பேசப் போனாள். கேக் பெட்டியை மேஜையில் வைக்கும்போது அதன் மூடி லேசாக விலகியது. ஓரத்தில் பெட்டியில் ஒட்டியிருந்த கிரீமை அவர் விரலால் வழித்து வாயில் வைத்தார். அவ்வளவுதான் நினைவிருக்கிறது என்பார். அவள் திரும்பி வந்தபோது கேக்கில் ஒரு பக்கமே இல்லை. பையனின் பெயரில் பாதி போயிருந்தது. மீசையிலும் சட்டையிலும் கிரீம்.

அவள் கத்தவில்லை. வந்து பெட்டியை மெதுவாக மூடினாள்.

"சொல்லியிருந்தா நானே ஒரு தட்டுல வெச்சுக் கொடுத்திருப்பேனே, அண்ணே."

அவள் கடைக்குப் புகார் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன் என்று பின்னால் அவர் சொன்னார். அந்த வேலையை எப்படி முடித்தார் என்று தெரியவில்லை, முடித்துவிட்டு வந்து முதலாளியிடம், இனி வீடுகளுக்குப் போக முடியாது, முட்டி வலிக்கிறது, பட்டறையிலேயே வேலை கொடுங்கள் என்றார். முதலாளிக்கு ஆச்சரியம். லாரியாக இருந்தபோது ஊரெல்லாம் ஓடினாய், சைக்கிளாக ஆன பிறகு ஏன் நின்றுவிட்டாய் என்று கேலி செய்துவிட்டு, சரி என்றார். பட்டறைக்கு வரும் பிரிட்ஜெல்லாம் காலியாகத்தான் வரும்.

ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரியில் அடுத்த முறை எடை பார்த்தபோது மனநல டாக்டரம்மாவிடம் அனுப்பினார்கள். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்பார், பொய் சொல்லிவிட்டு வந்துவிடலாம் என்றுதான் போனார். அந்த அம்மா அதைக் கேட்கவில்லை.

"எவ்வளவு சாப்பிடறீங்கன்னு எனக்கு வேண்டாம். ஆரம்பிச்சா நிறுத்த முடியுதா?"

அவர் பதில் சொல்ல வாயைத் திறந்தார், அழுகைதான் வந்தது. அந்த அம்மா அவர் அழுது முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு, இது உங்களுக்கு மட்டும் வருவதில்லை, இந்த ஆபரேஷன் செய்துகொண்ட பலருக்கும் வருகிறது, கட்டுப்பாடு இழந்து சாப்பிடுவது என்று இதற்குப் பெயரே இருக்கிறது என்று விளக்கினார். வயிற்றைத்தான் சின்னதாக்கினோம், சாப்பிடு சாப்பிடு என்று சொல்கிற இடம் அங்கே இல்லை என்றார். இதற்கு ஒரு மாத்திரை வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம், நீங்களும் சேரலாம். பாதிப் பேருக்கு நிஜ மாத்திரை கிடைக்கும், பாதிப் பேருக்கு அதே மாதிரி இருக்கிற வெறும் மாத்திரை கிடைக்கும். யாருக்கு எது என்று முடியும்வரை எனக்கும் தெரியாது. அவர் உடனே தலையாட்டினார். வெறும் மாத்திரை என்பதெல்லாம் காதில் விழுந்தது, மனதில் விழவில்லை.

தினமும் காலையில் ஒரு மாத்திரை. முதல் சில நாட்கள் ஒன்றும் தெரியவில்லை. வாய் வறண்டது போல இருந்தது. பிறகு ஒரு மத்தியானம் பட்டறையில் ரொட்டியைப் பாதி சாப்பிட்டுவிட்டு மிச்சத்தை மடித்து வைத்தார். வைத்துவிட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் அதைக் கவனித்தார். பிரிட்ஜ் ஓடும்போது அதன் உறுமல் யார் காதிலும் விழாது, அது நின்ற பிறகுதான் இவ்வளவு நேரம் சத்தம் இருந்தது என்று தெரியும், அப்படி இருந்தது என்று மனைவியிடம் சொன்னார்.

அந்தச் சில மாதங்கள்தான் அவர் வாழ்க்கையில் நல்ல மாதங்கள். ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் வெளியே போனார்கள். மகளோடு பேசிக்கொண்டே இருந்ததில் அவர் கையிலிருந்த ஐஸ்கிரீம் உருகி முழங்கை வரை வழிந்தது. மகள் காட்டித்தான் பார்த்தார். மனைவி அதைத் துடைத்துவிட்டாள். அன்று வீட்டுக்கு வந்த பிறகு அவள் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"வியாதின்னு எனக்குத் தெரியாம போச்சுங்க. என்னென்னவோ பேசிட்டேன்."

அவர் மறுநாள் முதலாளியிடம் போய், முட்டி சரியாகிவிட்டது, வீடுகளுக்குப் போகிறேன் என்றார்.

சோதனை முடிந்ததும் டாக்டரம்மா கூப்பிட்டு அனுப்பினார். இவர் நன்றி சொல்லிவிட்டு, அந்த மாத்திரையைத் தொடர்ந்து எழுதித் தரச் சொல்லத்தான் போனார். டாக்டரம்மா கொஞ்சம் தயங்கினார். நீங்கள் சாப்பிட்டது வெறும் மாத்திரை என்றார். உள்ளே மருந்து எதுவும் இல்லை. இப்படி ஆவது உண்டு, கவனிப்பும் நம்பிக்கையும்கூட ஆளைக் கொஞ்சநாள் தாங்கிப் பிடிக்கும், இதை நல்ல செய்தியாகவே எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். அவர் சிரித்தார். ஏன் சிரித்தோம் என்று அவருக்கே தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். அவள் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. ஒரு சட்டை, ஒரு பாவாடை, ஒரு துண்டு என்று மடித்து அடுக்கினாள். பிறகு தலை நிமிராமல் கேட்டாள்.

"அப்போ உங்களால முடியும்தானே?"

குத்திக்காட்டவில்லை அவள். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அதுதான் அவரைக் கொன்றது. அதே கேள்வியை பஸ்ஸில் வரும்போது அவரே தன்னிடம் கேட்டுக்கொண்டு வந்திருந்தார். மருந்து இல்லாமலே நிறுத்த முடிந்தது என்றால் வியாதி எங்கே போயிற்று? கேக்கைத் தின்றது யார்? வியாதி என்று ஒன்று இருந்தவரை அதன் மேல் பழியைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்தார். இப்போது அது மறுபடி அவர் தலையிலேயே வந்து விழுந்தது.

அந்த வாரமே எல்லாம் திரும்பி வந்தது. முன்பைவிட மோசமாக வந்தது. முடியும்தானே என்று சொல்லிக்கொண்டே பிஸ்கட்டை எடுத்தார், முடியும்தானே என்று சொல்லிக்கொண்டே பாக்கெட்டைக் காலி செய்தார்.

டாக்டரம்மா அவரைக் கைவிடவில்லை. அந்த அம்மாவை இதில் குறை சொல்ல முடியாது. இதோ நிஜ மாத்திரை, இதில் ஒளிவுமறைவு இல்லை என்று எழுதிக் கொடுத்தார். அதுவும் கேட்கத்தான் செய்தது. கை நின்றது. ஆனால் நெஞ்சு நிற்காமல் அடித்துக்கொண்டது. ஒரு வீட்டில் செம்புக் குழாயைப் பற்றவைக்க நெருப்பை எடுத்தபோது கை உதறி, குழாயை விட்டுச் சுவரைக் கருக்கினார். வியர்த்துக் கொட்டித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் நெஞ்சில் கம்பிகளை ஒட்டிப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, உங்கள் இதயத்துக்கு இந்த மருந்து ஆகாது, இனித் தொடக்கூடாது என்று நிறுத்திவிட்டார்கள். அடுத்து வேறொன்று கொடுத்தார்கள். அதைச் சாப்பிட்டால் ஓயாமல் குமட்டியது. குமட்டிக்கொண்டே சாப்பிட்டார். அதையும் நிறுத்தினார்கள். ஊசி ஒன்று இருக்கிறது, உங்களை மாதிரி ஆட்களுக்கு அது எந்த அளவுக்குக் கேட்கும் என்று இன்னும் சரியாகத் தெரியவில்லை, பார்ப்போம் என்றார் டாக்டரம்மா. அதுவரை பேச்சு சிகிச்சைக்கு வரச் சொன்னார்.

இப்போதும் போகிறார். வட்டமாக நாற்காலி போட்டு ஏழெட்டுப் பேர் உட்கார்கிறார்கள். அவர் முறை வரும்போது நன்றாகவே பேசுவார், மற்றவர்களைச் சிரிக்க வைப்பார். "எனக்கு நிஜ மருந்து விஷம், பொய் மருந்து அமிர்தம்" என்று ஒருதடவை சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். ஒரு பெண் மட்டும் சிரிக்காமல், அந்தப் பொய் மருந்தையே மறுபடி கொடுக்கச் சொல்லக்கூடாதா என்று கேட்டாள். கேட்டுப் பார்த்தேன் என்றார் அவர். கேட்டது உண்மைதான். வெறும் மாத்திரை என்று தெரிந்தே அவர் கொஞ்சநாள் அதைச் சாப்பிட்டும் பார்த்தார். தண்ணீர் குடித்த மாதிரி இருந்தது.

இழந்த எடையில் பாதிக்கு மேல் திரும்பிவிட்டது. சர்க்கரை மாத்திரை திரும்பிவிட்டது. அவரும் பட்டறைக்கே திரும்பிவிட்டார். இந்தத் தடவை முதலாளி காரணம் கேட்கவில்லை, கேலியும் செய்யவில்லை. அக்கா போன் செய்வது குறைந்துபோனது. செய்தாலும் மழை பெய்கிறதா, வெயில் அடிக்கிறதா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறாள்.

போன மாதம் ஒரு சாயங்காலம் மனைவி வேலை முடிந்து கொஞ்சம் சீக்கிரமே வந்துவிட்டாள். அவர் அடுப்பு மேடையோரம் நின்றுகொண்டு பால் பவுடரை டப்பாவோடு வைத்துக் கரண்டியால் அள்ளிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வேறு நாளாக இருந்தால் டப்பாவைப் பிடுங்கியிருப்பாள், இல்லை பார்க்காதவள் மாதிரி அறைக்குள் போயிருப்பாள். அன்று கைப்பையைக் கழற்றி மாட்டிவிட்டு ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு அவர் எதிரில் உட்கார்ந்தாள்.

"உள்ள போயிடு. பார்க்காத" என்றார் அவர். வாயெல்லாம் மாவு.

"நீங்க முடிங்க. நான் இருக்கேன்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் பார்க்கிறாள் என்பதால் கை நிற்கும் என்று ஒரு கணம் நினைத்தார். நிற்கவில்லை. இன்னொரு கரண்டி போயிற்று, அதற்கு மேல் இன்னொன்று. வயிறு இழுத்துப் பிடித்தது. அவள் அவர் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கரண்டி டப்பாவின் அடியில் உரசிய பிறகுதான் அவர் அதைக் கீழே வைத்தார். அவள் எழுந்து ஒரு டம்ளரில் தண்ணீர் பிடித்து அவர் கையில் கொடுத்தாள். வாங்கிக் குடித்தார்.

மறுநாள் மளிகைக் கடைக்குப் போனவள், வாங்க வேண்டியவற்றோடு பால் பவுடரையும் வாங்கி வந்து வழக்கமான இடத்தில் வைத்தாள்.