அத்தைக்குப் பொருந்திய நிறம்

என் அத்தையின் மணிக்கட்டில் நரம்புகள் நீலமாக ஓடும். அது நல்லதா கெட்டதா என்று தெரியாமல் நான் பல நாள் பயந்துகொண்டிருந்தேன்.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. கொடைக்கானல் மலையின் கடைக்கோடி ஊரான கிளாவரையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் பூண்டுக் காடு, அதற்குப் பின்னால் பெரிய சரிவு. சரிவுக்கு அந்தப்பக்கம் கேரளா என்பார்கள். நான் பார்த்ததெல்லாம் மேகம்தான். அத்தை என்றால் அப்பாவின் தங்கை. தாத்தா இறந்த பிறகு அவளை வளர்த்தது அப்பா. கொடைக்கானலில் கல்லூரி விடுதியில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு வந்த அன்று, சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து வெறுமனே பிசைந்துகொண்டிருந்தாராம், அம்மா சொல்லியிருக்கிறாள். படிப்பு முடிந்து அத்தை வீட்டோடு இருந்த அந்தச் சமயத்தில் பழனியிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மலை அடிவாரத்தில் பக்தர்களுக்குச் சாமான் விற்கும் கடைக்காரக் குடும்பம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள் என்று முடிவாகியிருந்தது.

ஒரு நாள் காலையில், வெயில் விழுந்த இடமாகப் பார்த்து நின்றுகொண்டு அத்தை என்னைக் கூப்பிட்டாள்.

"பாப்பா, இங்க வா. இந்த நரம்பு என்ன கலர்ல இருக்குன்னு பாத்துச் சொல்லு."

"நீலம்."

"நல்லாப் பாரு. பச்சையா, நீலமா?"

"நீலம்தான் அத்தை. ஏன், காச்சலா?"

அவள் சிரிக்கவில்லை. சிக்னல் கிடைக்கும் பாறையில் ஏறிக் கைப்பேசியில் பார்த்து வந்ததை எனக்கு விளக்கினாள். தோல் கறுப்போ சிவப்போ, அது மேலே தெரிவது. அதற்கு அடியில் இன்னொரு நிறம் ஒளிந்திருக்கும். நரம்பு பச்சையாகத் தெரிந்தால் சூட்டு நிறம், நீலமாகத் தெரிந்தால் குளிர்ந்த நிறம். முகத்தில் பூசுகிறதை அந்த அடிநிறத்துக்குத் தகுந்தாற்போல எடுக்க வேண்டும். மாற்றி எடுத்தால் முகம் வேறு, கழுத்து வேறு என்று ஆகிவிடும். அத்தை நல்ல மாநிறம். அவளுக்குக் குளிர்ந்த நிறம்.

எங்கள் ஊரில் குளிர் என்றால் சளி, இருமல், கம்பளி. அதில் நல்லது எதையும் நான் கண்டதில்லை. போதாததற்கு அம்மாவின் தங்கச் சங்கிலியை ஒரு கன்னத்திலும் தன் வெள்ளிக் கொலுசை மறு கன்னத்திலும் வைத்து, எது எடுப்பாக இருக்கிறது என்று கேட்டாள். கொலுசு வைத்த பக்கம் முகம் தெளிந்து கிடந்தது. சங்கிலிப் பக்கம் காய்ச்சல் கண்டு எழுந்தவள் போல இருந்தாள். தங்கம் பொருந்தாத பெண்ணை யார் கட்டுவார்கள்? தாலியை எதில் செய்வார்கள்? இதை யாரிடமும் சொல்லக்கூடாது என்று நானே முடிவுசெய்து, சொல்லாமல் இருப்பதற்கே மிகவும் கஷ்டப்பட்டேன்.

சனிக்கிழமை கொடைக்கானல் போய் முகத்துக்குப் போடுவது வாங்கி வருகிறேன் என்று அத்தை கேட்டபோது அம்மா மகிழ்ந்தே போனாள். நாத்தனாருக்கு இந்தச் சம்பந்தத்தில் விருப்பம் இருக்கிறது என்பதற்கு அதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? "வெள்ளனே போயிட்டு வெரசா வந்துருங்க. பாப்பாவக் கூட்டிட்டுப் போ. சாயந்தர பஸ்ஸ விட்டா அப்புறம் ஒண்ணும் கெடையாது" என்றாள்.

பேருந்து மன்னவனூர், பூம்பாறை என்று வளைந்து வளைந்து போய்ச் சேரவே பாதிக் காலை போய்விட்டது. ஏழு ரோடு பக்கம் ஒரு கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்தது அந்தக் கடை. உள்ளே மஞ்சள் பல்புகள். அந்த வெளிச்சத்தில் என் கைகூட அழகாக இருந்தது. கடைக்கார அக்கா, அத்தையின் முகத்தைப் பார்த்ததும் ஒரு டியூபை எடுத்து நீட்டினாள்.

"மேடம், இந்த ஷேடு போங்க. ரெண்டு டோன் பிரைட்டாக் காட்டும். பொண்ணு பாக்க வர்றாங்கன்னா எல்லாரும் இதத்தான் வாங்குறாங்க."

"பிரைட்டா வேணாம்க்கா. என் நெறமே வேணும். அடியில கூலா இருக்கறது."

கடைக்கார அக்கா ஒரு கணம் அவளையே பார்த்தாள். தன் நிறத்தையே கடையில் வந்து கேட்கிறவர்கள் குறைவு போல. பிறகு உள்ளே போய் மூன்று குப்பிகளைக் கொண்டுவந்து, அத்தையின் தாடையோரம் மூன்று கோடுகள் இழுத்துவிட்டாள். அந்த விளக்கொளியில் மூன்றும் ஒன்று போலவே இருந்தன. வெளியே போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று அத்தை படியேறினாள். கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் போனேன்.

வெளியே மூடுபனி, எங்கள் பேச்சில் மஞ்சு, இறங்கிவிட்டிருந்தது. எதிர்ச் சாரியில் இருந்த டீக்கடையே காணாமல் போயிருந்தது. அந்தச் சாம்பல் வெளிச்சத்தில் அத்தையின் கோடுகளும் சாம்பலாகத் தெரிந்தன. "கொஞ்ச நேரம் பாப்போம்" என்றாள். நின்றோம். சுற்றுலா வந்தவர்கள் அவள் தாடையைப் பார்த்துவிட்டுப் போனார்கள். நான் கடைக்குள் இருந்த கடிகாரத்தைப் படியில் குனிந்து குனிந்து பார்த்துவிட்டு வந்தேன். பேருந்தை விட்டுவிட்டால் என்ன ஆகும், அம்மா என்ன சொல்வாள், நாளைக்கு அவர்கள் வந்து பெண் எங்கே என்று கேட்டால் அப்பா எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வார் என்று என் மனசு ஊர் போய் ஊர் வந்துகொண்டிருந்தது.

"அத்தை, ஏதாவது ஒண்ண வாங்கிட்டுப் போயிரலாம்."

"ஏதாவது ஒண்ணு இல்ல பாப்பா."

அதைச் சொல்லிவிட்டுக் கைகளைக் கட்டி இறுக்கிக்கொண்டாள். குளிர் என்று நினைத்தேன்.

பிறகு மஞ்சு ஒரு சேலையை உருவியதுபோல விலகி, வெயில் பளிச்சென்று அடித்தது. அத்தை என் கையிலிருந்த கண்ணாடியைப் பிடித்துக்கொண்டாள். முதல் கோடு ஆரஞ்சாகத் திரும்பியிருந்தது. இரண்டாவது வெளுத்துச் சுண்ணாம்பு போல நின்றது. மூன்றாவதைக் காணவே காணோம்.

"அழிஞ்சு போச்சு அத்தை!" என்றேன் பதறி.

"அழியல. சேந்துருச்சு" என்றாள். அன்று அவள் முதன்முதலாகச் சிரித்தது அப்போதுதான். உதட்டுக்கு, நன்றாகப் பழுத்த பிளம்ஸ் பழத்தின் தோல் நிறத்தில் ஒன்றையும் வாங்கிக்கொண்டாள். பேருந்தை ஓடிப்போய்ப் பிடித்தோம்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீடு நான் அறிந்த வீடாக இல்லை. காயப்போட்டிருந்த பூண்டெல்லாம் பின்கட்டுக்குப் போனது. வாசனை மட்டும் போக மறுத்தது. அப்பா வேட்டியை மாற்றிக் கட்டிக்கொண்டு சாலைக்கும் வீட்டுக்கும் நடந்தார். உள்ளே அம்மா, அத்தையை நாற்காலியில் உட்காரவைத்துத் தன்னுடைய பவுடர் டப்பாவைத் திறந்தாள். அம்மாவின் கல்யாணத்திலிருந்து எங்கள் வீட்டில் எல்லா விசேஷத்துக்கும் அதே பவுடர்தான். வெள்ளையும் மஞ்சளும் கலந்த நிறம். உதட்டுக்கு ஒரு கேரட் சிவப்பு.

எனக்குக் கையும் காலும் ஓடவில்லை. அத்தை ஏன் பேசாமல் உட்கார்ந்திருக்கிறாள்? நேற்று வாங்கியதை ஏன் எடுக்கவில்லை? அவள் முகம் என் கண்ணெதிரே கொஞ்சம் கொஞ்சமாகக் கழுத்தைவிட்டுப் பிரிந்து போய்க்கொண்டிருந்தது. அம்மா பூ எடுக்கப் போன நேரத்தில் அலமாரியிலிருந்து அந்தக் குப்பியை எடுத்து அத்தையின் மடியில் வைத்தேன்.

"மறந்துட்டீங்க அத்தை. சீக்கிரம் போடுங்க."

அவள் அதை என் பாவாடைப் பைக்குள்ளேயே திணித்துவிட்டு, "இருக்கட்டும்டா, இன்னைக்கு இது போதும்" என்றாள்.

வாசலில் கார் வந்து நின்றது. மாப்பிள்ளையின் அம்மாவை இரண்டு பேர் தாங்கிப் பிடித்து இறக்கினார்கள். பழனியிலிருந்து கொண்டைஊசி வளைவுகளில் ஏறி வந்ததில், வழியெல்லாம் வாந்தி எடுத்து அந்த அம்மா துவண்டிருந்தார். ஒரு எலுமிச்சம்பழத்தை மூக்கோடு மூக்காக வைத்துக்கொண்டு, கண்ணை மூடியபடியே வந்து சுவரில் சாய்ந்தார். மாப்பிள்ளை சாதுவாகத் தெரிந்தார். தன் அம்மாவுக்கு விசிறிக்கொண்டே இருந்தார். அத்தை காப்பித் தட்டோடு வந்து நின்றாள். கதவுக்குப் பின்னால் நின்ற நான் முருகா முருகா என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். இவர்கள் பார்க்கப் போகிறார்கள், சாம்பல் பூசிய இந்த முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து போகப் போகிறார்கள்.

அந்த அம்மா ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தார்.

"புள்ள லட்சணமா இருக்காங்க. எங்களுக்குப் புடிச்சிருக்கு" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். தலை சுற்றிய சுற்றலில் அவருக்கு எத்தனை அத்தை தெரிந்தார்களோ!

அப்பாவின் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. எனக்கும் உயிர் வந்தது. அத்தை மட்டும் யார் முகத்தையும் பார்க்காமல் தட்டோடு உள்ளே போனாள்.

கார் கிளம்பிப் போனதும் அத்தை பின்பக்கம் போய், பல் கிட்டும் குளிர்ந்த தண்ணீரில் முகத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். ஈரம் சொட்டச் சொட்ட வந்து அப்பாவின் முன்னால் நின்றாள்.

"அண்ணே, ஒண்ணு சொல்லணும். எனக்கு இது வேணாம்ணே."

அப்பா சிரித்த முகம் மாறாமலே அவளைப் பார்த்தார். காதில் விழுந்தது அவருக்குள் இறங்கச் சற்று நேரம் பிடித்தது.

"மூஞ்சி கழுவிட்டு வந்து சொல்ற பேச்சா இது? அவங்க வர்றதுக்கு முன்னாடி சொல்லியிருக்கக் கூடாதா?"

"உங்ககிட்டச் சொல்லப் பயமா இருந்துச்சு. அவங்களே வேணாம்னு போயிருவாங்கன்னு நெனச்சேன்."

"எத வச்சு அப்படி நெனச்ச?"

அத்தை முகத்து ஈரத்தைத் துடைத்தாள். அம்மாதான் சொன்னாள், மெதுவாக: "நான் போட்டுவிட்ட பவுடர வச்சு."

அதன்பிறகு எல்லாம் வெளியே வந்தது. சில மாதம் முன்பு டைப்பிங் பரீட்சை என்று சொல்லிவிட்டு அத்தை போனது, கொடைக்கானல் ஏரிக்கரையில் ஒரு பெரிய ஓட்டலில் வரவேற்பு வேலைக்கான நேர்காணலுக்கு. அன்றும் அம்மாவின் பவுடரைத்தான் போட்டுக்கொண்டு போனாளாம்.

"அங்க சுத்திச் சுத்திக் கண்ணாடி அண்ணே. வெள்ள லைட்டு. எம்மூஞ்சி தனியாத் தெரிஞ்சுச்சு, திருநீறு பூசுன மாதிரி. அதப் பாத்துட்டே இருந்ததுல கேட்ட கேள்வி எதுக்குமே வாய் வரல. இப்ப வேற ஓட்டல்ல கூப்பிட்டிருக்காங்க. வியாழக்கெழம. நான் போகணும்ணே."

அப்பா துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு காட்டுப்பக்கம் போய்விட்டார். அம்மா பவுடர் டப்பாவை மூடினாள். மூடிவிட்டு, அதையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். சம்மதம் சொல்லிவிட்டுப் போன வீட்டில் ஏன் ஆளாளுக்கு ஒரு மூலையில் இருக்கிறார்கள் என்று எனக்கு விளங்கவே இல்லை.

புதன்கிழமை வரை அப்பா அத்தையோடு பேசவில்லை. அவள் வைத்த சோற்றைச் சாப்பிட்டார், அவள் கொடுத்த தண்ணீரைக் குடித்தார், அவ்வளவுதான். வியாழக்கிழமை விடிந்தும் விடியாத நேரத்தில் அத்தை வாசலோரம் உட்கார்ந்து அந்தக் குப்பியைத் திறந்தாள். கண்ணாடியைப் பிடிக்க நான் எழுந்து போவதற்குள் அம்மா அதைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏத்தா, என்னத்தப் போட்ட? ஒண்ணுமே தெரியலையே" என்றாள் கடைசியில்.

"தெரியக் கூடாது மதினி."

அம்மா கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டுத் தன் மணிக்கட்டை அவளிடம் நீட்டினாள். "எனக்கு என்னன்னு பாரு." அத்தை அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, நரம்பைப் பார்க்காமல், தலையைக் குனிந்து அழப்போனாள். "அழுவாத, எல்லாம் கரைஞ்சிரும்" என்று அம்மா அதட்டினாள்.

அத்தை தனியாகத்தான் கிளம்பினாள். நானும் அம்மாவும் வழியனுப்பி நிற்க, பேருந்து நகரும்போது அப்பா எங்கிருந்தோ வந்து முன்பக்கமாக ஏறினார். உரக்கடையில் சோலி கெடக்கு என்று நடத்துநரிடம் சத்தமாகச் சொன்னது எங்களுக்குக் கேட்டது. அவர் முன் இருக்கையில், அவள் பின் இருக்கையில். போகும்போது அப்படித்தான் போனார்கள்.

அன்று சாயங்காலம் முழுக்க நான் சாலையில் நின்றேன். மஞ்சில் பேருந்தின் விளக்கு தெரியும், பார்த்தால் ஜீப்பாக இருக்கும். கடைசியில் பேருந்து வந்தபோது இரண்டு பேரும் ஒரே படிக்கட்டில் இறங்கினார்கள். அத்தையின் பை அப்பாவின் தோளில் தொங்கியது. உர மூட்டை எதையும் காணோம்.

"கெடச்சிருச்சு பாப்பா" என்றாள் அத்தை. இன்றைக்கு அதே ஓட்டலில் அவளுக்குக் கீழே பலர் வேலை செய்கிறார்கள். கல்யாணம் பிற்பாடு அவள் பார்த்த ஆளோடு, அப்பாவின் முன்னிலையில் நடந்தது.

வேலை கிடைத்த மறுநாள் காலையில் அப்பா, எங்கள் ஊரில் கைப்பேசிக்குக் கோபுரம் எட்டுகிற ஒரே பாறையின் மேல் ஏறி நின்று பழனிக்குப் பேசினார். நான் கீழே நின்றிருந்தேன். "மன்னிச்சுக்கங்க. தப்பு எம்மேலதான், பிள்ளைகிட்டக் கேக்காம வரச்சொல்லிட்டேன்" என்று சொன்னது காதில் விழுந்தது. யாரிடமும் அவர் அவ்வளவு பணிந்து பேசி நான் கேட்டதில்லை. பேசி முடித்த பிறகும் கைப்பேசியைக் கையில் பிடித்தபடி, கீழே மேகம் அடைத்துக் கிடந்த சரிவையே பார்த்துக்கொண்டு நெடுநேரம் அசையாமல் நின்றார்.

"அப்பா, இன்னும் கொஞ்சம் மேல ஏறுங்க. அங்கதான் சிக்னல் நல்லாக் கெடைக்கும்" என்று நான் கத்தினேன்.