கொச்சங்காடியில் ஏழு குழாய் வலைகள்

இந்த ஜூனில் மட்டாஞ்சேரிக்குப் போய் வந்தேன். என் அக்கா மகன் கோபி அங்கே கொச்சங்காடியில் பழைய மிளகுக் கிடங்கு ஒன்றைத் தங்கும் விடுதியாக மாற்றியிருக்கிறான். தண்ணீர்ச் சிக்கனமெல்லாம் பார்த்து அதற்குப் பசுமைக் கட்டடம் என்று மதிப்பெண் போட அதிகாரி வருகிறார் என்று கேள்விப்பட்டதும் கிளம்பிவிட்டேன். கட்டட விஷயத்தில் என்னைப் போல் ஒருவர் பக்கத்தில் வேண்டாமா? அவன் கூப்பிடவில்லை. கூச்சப்பட்டிருப்பான்.

காலை ஆறரைக்கு ஆலுவாவில் ரயிலை விட்டு இறங்கினேன். மெட்ரோவில் எர்ணாகுளம், அங்கிருந்து படகு. மட்டாஞ்சேரிப் படகுத் துறையிலிருந்து விடுதிக்கு ஒன்றரை கிலோமீட்டர். ஆட்டோ ஐம்பது ரூபாய். அறுபது கேட்டவரை மலையாளத்திலேயே மடக்கினேன். மழை கொட்டியது.

"இத்தனை தண்ணிக்கு நடுவுல எதுக்குய்யா மிச்சம் பிடிக்கணும்?" என்றேன்.

"காயல் தண்ணி முழுக்க உப்பு, சேட்டா. குடிக்க லாரி வரணும்," என்றார் ஓட்டுநர்.

விடுதியில் கை கழுவிய தண்ணீர் வடிகட்டப்பட்டுக் கக்கூஸ் ஃப்ளஷ் தொட்டிக்குப் போகிறது. மழைநீர் சேர நிலத்தடித் தொட்டி. எங்கள் ஊர்க் கண்மாயில் பாதி இருக்கும்! ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் உண்டாம். தண்ணீரில் தேறினால்தான் சான்று, சான்று இருந்தால்தான் டூர் கம்பெனி ஆள் அனுப்பும் என்று கோபி நகம் கடித்துக்கொண்டிருந்தான்.

முகம் கழுவப் போனால் குழாயில் நூல் மாதிரி தண்ணீர். குழாய் வாயில் சின்ன வலை. எங்கள் பக்கம் உப்பு அடைத்துக்கொள்ளும் என்று புதுக் குழாய் வாங்கியதும் அதைத்தான் முதலில் கழற்றுவோம். ஏழு அறையிலும் கழற்றினேன். குற்றாலம் தோற்றது!

பதினொரு மணிக்கு வந்த அதிகாரியம்மா லிட்டர் குவளையைப் பிடித்தார். கண் சிமிட்டுமுன் வழிந்தது.

"இதா உங்க சிக்கனக் குழாய்?"

கோபிக்கு முகம் வெளுத்தது. "எந்தா மாமா பண்ணீங்க?"

நான் அசரவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு வலையை எடுத்து மாட்டினேன். "வித்தியாசம் தெரியணும்ல மேடம்!" அதே குவளை நிரம்ப மூன்று மடங்கு நேரமானது. அந்த வலை தண்ணீரில் காற்றைக் கலக்குகிறதாம். கை என்னவோ நன்றாகவே நனைந்தது.

அந்த அம்மா சிரிக்கவில்லை. "வர்ற விருந்தாளியும் இந்த மாமா மாதிரி கழட்டுவாங்க. சாவி போட்டாத்தான் கழலுற வலையா மாட்டுங்க. அதுவரைக்கும் மார்க் கிடையாது."

எர்ணாகுளம் ஓடி வாங்கிவந்து மூன்றரைக்குள் ஏழு வலையையும் மாட்டினோம். அவர் திரும்பவும் அளந்து பார்த்து மதிப்பெண் போட்டார். ஆக, சான்று வாங்கிக் கொடுத்தது நான்தான்.

போகிறவர்கள் குடையும் படகுக்குச் சில்லறையும் வைத்துக்கொள்ளுங்கள். அறையில் தண்ணீர் மெல்லிசாக வந்தால் அடைப்பு என்று நினைத்துக் கை வைக்காதீர்கள். ஏழு வலைக்கும் ஒரே சாவிதான். அதை எங்கே வைத்திருக்கிறான் என்று மட்டும் கோபி எனக்குச் சொல்லவே இல்லை.