தரமும் கலப்பும்

பர்மாவில், போட்டாதாங் படித்துறைக்குப் பின்னால் இருக்கிற கிடங்கு ஒன்றில் உளுந்து தரம் பார்ப்பது என் வேலை. மூட்டையிலிருந்து அள்ளி, தட்டில் பரப்பி, முதல் தரமா இரண்டாம் தரமா என்று சொல்ல வேண்டும். வேறு பயறு கலந்திருந்தால் தரம் இறங்கும். அதனால் என் மகள் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் பொறியியல் தரவரிசையைக் கணினியில் காட்டியபோது, இதில் எனக்கும் கொஞ்சம் விஷயம் தெரியும் என்ற நினைப்பில் உட்கார்ந்தேன்.

அவள் ஆசைப்பட்டது வரிசையில் மேலே இருந்த ஒன்று. அதன் இணையப் பக்கத்தில் மாணவர்கள் சிரித்தபடி நின்றார்கள். ஒரு முகம் போல இன்னொன்று இல்லை. எங்களிடம் எல்லா நாட்டுப் பிள்ளைகளும் உண்டு, எல்லா இனமும் உண்டு என்று பெருமையாகப் போட்டிருந்தார்கள்.

"இவ்வளவு கலப்பா? அப்புறம் எப்படி மேல வந்தாங்க?" என்றேன்.

"கலப்பு இருந்தாத்தான்பா அங்க மதிப்பு."

முப்பது வருஷமாக நான் செய்கிற வேலையை ஒரே வாக்கியத்தில் தலைகீழாக்கிவிட்டு அவள் டீ போடப் போனாள்.

விண்ணப்பத்தோடு ஒரு கட்டுரை கேட்டிருந்தார்கள். நீ எந்தச் சமூகத்துப் பிள்ளை, அது உன்னை எப்படி வளர்த்தது என்று. உதவித்தொகையும் அதைப் பார்த்துத்தான். அது கிடைக்காவிட்டால் அவள் போக முடியாது. எழுதி அனுப்பினாள்.

மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. கட்டுரையில் தமிழ், இந்து. மொழிபெயர்த்து அனுப்பிய அடையாள அட்டையில் பர்மியர், பௌத்தர். ஒரு வாரத்துக்குள் விளக்கம் தேவை.

"கட்டுரையில என்ன எழுதினே?"

"உண்மைய எழுதினேன்."

"யாரக் கேட்டு எழுதினே?"

என் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "கேக்குறதப் பாரு" என்றாள்.

அட்டையில் அப்படி எழுதச் சொன்னவன் நான். அவளுக்கு அப்போது பத்து வயது. லூம்யோ, அதாவது இனம், என்று ஒரு கட்டம் உண்டு. எங்கள் ஆட்களில் சிலர் பிள்ளைகளுக்கு அதில் பர்மியர் என்று போட்டுவிடுவார்கள். பின்னால் எந்தக் கதவும் சாத்தாது என்று ஒரு நம்பிக்கை. என் அட்டையில் இந்தியர் என்று இருக்கிறது. அந்த ஒரு சொல்லுக்காக எத்தனை அலுவலகப் பெஞ்சுகளில் காத்துக் கிடந்திருக்கிறேன் என்பது எனக்குத்தான் தெரியும். நெற்றியில் திருநீறோடு நின்ற பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே பௌத்தர் என்று சொன்னேன். அட்டை எழுதுகிற அதிகாரி அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எழுதினார்.

இப்போது விளக்கம் எழுதினால், பொய் சொன்னேன் என்று என் கையெழுத்தோடு ஒரு காகிதம் இருக்கும். யார் கையில் போய்ச் சேருமோ. இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டு தட்டில் உளுந்தைப் பரப்பினேன்.

"கட்டுரைய மாத்திடு. பர்மியர்னே போட்டுடு" என்றேன்.

"நான் பேசுறதுல பாதி பர்மா பாஷைப்பா. தமிழ் எழுதத் தெரியாது. அட்டையிலயும் இல்ல. அங்கயும் சொல்லலன்னா, நான் வேற எங்கதான் சொல்றது?"

இதையும் பாதி பர்மியத்தில்தான் சொன்னாள். எனக்கு வெட்கமாக இருந்தது.

மூன்றாம் நாள், கோயில் வகுப்பில் படித்த தமிழில் நாலு வரி எழுதினேன். இவள் தமிழ்ப் பெண். அட்டையில் வேறு மாதிரி எழுதச் சொன்னது தகப்பனாகிய நான். பயந்துபோய்ச் சொன்னேன். பிள்ளைமேல் தப்பில்லை. நான் வாசிக்க வாசிக்க அவள் ஆங்கிலத்தில் தட்டினாள். 'பயந்துபோய்' என்ற இடத்தில் விரல் நின்றது. பிறகு மேலே தட்டினாள்.

மறுநாளே பதில் வந்தது. நன்றி, விளக்கம் ஏற்கப்பட்டது. அவ்வளவுதான். நான் அதை நாலு தடவை படித்தேன். பிறகு இடமும் கிடைத்தது, உதவித்தொகையும் கிடைத்தது.

போன வாரம் அங்கிருந்து ஒரு படம் அனுப்பினாள். இந்த வருஷம் சேர்ந்த பிள்ளைகளை இனம் இனமாகப் பிரித்து ஒரு வட்டம் போட்டிருந்தார்கள். பெரிய துண்டுகளுக்கெல்லாம் பெயர் இருந்தது. ஓரத்தில் நூல் மாதிரி ஒரு சாம்பல் துண்டு: மற்றவர்கள்.

"நான் இதுலதான் இருக்கேன்பா" என்று போனில் சிரித்தாள்.

இத்தனை பாடுபட்டு மற்றவர்களா என்று எரிச்சல் வந்தது. போனை வைத்த பிறகு அந்தத் துண்டைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பார்க்கப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. அவள் தன் வாயால் சொல்லிப் போய்ச் சேர்ந்த இடம் அது.