டேக் வெட்டாத மூன்று பைனாகுலர்கள்

டெக்சாஸிலிருந்து மகன் கூப்பிட்டு, மான் வேட்டைக்கு வருகிறாயா என்று கேட்டபோது நான் நாட்டின் மறுகோடியில், ஈஸ்ட் பிரன்ஸ்விக் வீட்டில் குக்கரின் அடியைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். குக்கரை அப்படியே சிங்கில் போட்டுவிட்டேன். அவனாக என்னைக் கூப்பிட்டு, எதற்காவது வருகிறாயா என்று கேட்டு எத்தனை வருஷம் ஆயிற்று என்று யோசித்தேன். டிரைவிங் லைசென்ஸ் எடுக்கும்வரை பக்கத்து சீட்டில் உட்கார ஆள் வேண்டும் என்று கேட்டிருந்தான். அதற்குப் பிறகு இதுதான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் போன் பேசுவோம். "சாப்டியாடா?" "யா." "வேலை எப்படி?" "குட்." "அங்க வெயிலா?" "ஹாட்." வானிலை அறிக்கையே இதைவிட விரிவாக இருக்கும். நாங்கள் தமிழில் கேட்போம், அவன் ஆங்கிலத்தில் பதில் சொல்வான். அது அவன் எல்கேஜி நாளிலிருந்து உள்ள வழக்கம். நாள் போகப்போக பதில்தான் சுருங்கிக்கொண்டே வந்தது.

ஆகவே ஒரு முடிவு எடுத்தேன். இந்த ஒரு வாரக்கடைசி ஒழுங்காக நடந்துகொள்ள வேண்டும். அசடு வழியக் கூடாது. அடுத்த நவம்பரில் அவன் மறுபடியும் கூப்பிட வேண்டும். மானெல்லாம் எனக்கு இரண்டாம் பட்சம்.

வேட்டைக்கு எனக்கிருந்த ஒரே தகுதி, மட்டன் பிரியாணியில் நல்ல துண்டாகப் பொறுக்கத் தெரிந்ததுதான். அதை அவனிடம் சொன்னேன். சிரித்தான். துப்பாக்கியை நீ தொட வேண்டாம், பைனாகுலரில் பார்த்து எனக்குச் சொன்னால் போதும் என்றான். "யூ வில் பீ மை ஐஸ், அப்பா." இட்லிப் பாத்திரத்தைத் திறந்தால் ஆவியில் கண்ணாடி மங்கி தட்டைத் தவறவிடுகிறவனை நம்பித் தன் கண்ணை ஒப்படைத்தான்.

"எந்த பைனாகுலர்டா வாங்கணும்?"

"எய்ட் பை ஃபார்ட்டி டூ. தட்ஸ் ஆல்."

அதோடு விட்டிருக்க வேண்டும். ஆனால் முப்பது வருஷம் சாஃப்ட்வேரில் குப்பை கொட்டியவன், அடுத்தவன் சொன்னதை அப்படியே வாங்கியதாகச் சரித்திரம் உண்டா? எக்செல் ஷீட் திறந்தேன். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. இரண்டாவது எண் முன்பக்கக் கண்ணாடியின் அகலம், மில்லிமீட்டரில். அகலம் கூடினால் விடியற்காலை மங்கல் வெளிச்சத்திலும் தெரியும். மூக்குக்கண்ணாடி போட்டவனுக்குக் கண்ணுக்கும் குழாய்க்கும் எவ்வளவு இடைவெளி வேண்டும் என்பதற்குத் தனியாக ஒரு பத்தி போட்டேன். எட்டு இருக்கும்போது பத்து இருக்கிறது. பத்து இருக்கும்போது பன்னிரண்டு இருக்கிறது. எட்டாம் ராங்க்கோடு திருப்திப்பட என்னை யாரும் வளர்க்கவில்லை. மூன்றையும் வாங்கினேன். எட்டு, பத்து, பன்னிரண்டு.

வாங்கினேன் என்பதுகூடச் சரியில்லை. எங்கள் கூட்டத்தில் யாரும் எதையும் வாங்குவதில்லை, வீட்டுக்குக் கூட்டி வருகிறோம். டேகை வெட்டாமல், டப்பாவைக் கிழிக்காமல், ரசீதை ஃப்ரிட்ஜில் காந்தம் வைத்து ஒட்டி, முப்பது நாள் கெடு முடிவதற்கு இரண்டு நாள் முன்னால் கடைக்குத் திருப்பி அனுப்பிவிடுவோம். பொங்கல் விழாவுக்கு வந்த ஸ்பீக்கர் மாட்டுப் பொங்கல் அன்று ஊர் திரும்பியதை நானே பார்த்திருக்கிறேன்.

இதில் என்னுடைய சாதனை ஒன்று உண்டு. பார்ட்டிகளில் பல வருஷம் சொல்லிக் கைதட்டு வாங்கியது. மகனுக்குப் பத்து வயதில் பிறந்தநாளுக்கு ஒரு டெலஸ்கோப் வாங்கினோம். மூன்று வாரம் நிலாவைப் பார்த்தான். நான்காம் வாரம் அது மூலையில் கிடந்தது. இருபத்தெட்டாம் நாள், அவன் ஸ்கூலுக்குப் போயிருந்த நேரத்தில், பழைய டப்பாவிலேயே அடைத்துக் கடையில் கொடுத்துவிட்டேன். சாயங்காலம் வந்து தேடினான். "நீதான் பாக்கவே இல்லையேடா!" என்றேன். இதை நான் நடித்துக் காட்டும்போது, அந்தத் தேடுகிற முகத்தையும் போட்டுக் காட்டுவேன். எல்லோரும் சிரிப்பார்கள்.

மூன்று பைனாகுலர்களையும் பின்பக்க டெக்கில் நின்று சோதித்தேன். மனைவி கதவருகில் வந்து நின்றாள்.

"ஏங்க, பின் வீட்டு ஆன்ட்டி போலீஸ கூப்பிடப்போறாங்க."

"மான் பாக்கறேன்டி."

"மான் நம்ம அவரைக்கொடிய மேயுது, காலடியில. அதப் பாக்க இது எதுக்கு?" உள்ளே திரும்பும்போது சொன்னாள்: "பிள்ளை உங்களப் பாக்கணும்னுதான் கூப்பிட்டிருக்கான். வெறும் கையோட போய் இறங்குங்க."

வெறும் கையோடு போகவில்லை. பெட்டியில் மூன்றும் இருந்தன.

மகனின் ஆஸ்டின் வீட்டிலிருந்து இரண்டு மணி நேரம் டிரைவ் பண்ணி, விடியுமுன்பே போய்ச் சேர்ந்தோம். டிரக்கின் விளக்கில் என் மூன்று பைனாகுலர்களையும் பார்த்தான். சிரிக்கவில்லை, ஆனால் சிரிப்பை அடக்கினான் என்று தோன்றியது. எனக்கு சந்தோஷமாக இருந்தது. ஒவ்வொன்றிலும் கனமான பிளாஸ்டிக் அட்டை தொங்கிற்று. தன் கத்தியை எடுத்து நீட்டினான்.

"கட் தி டேக்ஸ், அப்பா."

"அப்புறம் பண்ணிக்கலாம்டா. வாருக்குள்ள சொருகிட்டேன் பாரு."

கத்தியை மடித்துப் பையில் போட்டுக்கொண்டான்.

வேட்டைக்காரர்கள் ஒளிந்திருக்க மரத்தால் செய்த ஒரு கூண்டு. ஜன்னல் மாதிரி ஒரு திறப்பு. இரண்டு நாற்காலி, நடுவில் அவனுடைய எஃகு ஃபிளாஸ்க். பேசக் கூடாது, அசையக் கூடாது. மூன்று வருஷமாக ஒரே ஒரு கிழட்டு ஆண்மானுக்காகத்தான் காத்திருக்கிறேன் என்று முன்தினமே சொல்லியிருந்தான். காட்டில் கட்டிய கேமராவில் விழுந்த அதன் படத்தை, சிலர் குழந்தை போட்டோ காட்டுவதுபோலக் காட்டினான்.

முதலில் பன்னிரண்டை எடுத்தேன். என் இதயம் அடிக்க அடிக்க எதிர்க்குன்று குதித்தது. மூச்சு விட்டால் மரங்கள் நடனமாடின. பத்தில் நடனம் குறைந்தது, ஆனால் பார்க்கும் வட்டம் சிறுத்துவிட்டது. புதரைத் தேடினால் வானம் வந்தது. கடைசியில் எட்டை எடுத்தேன். அகலமாக, அசையாமல், புல்நுனிப் பனிகூடத் தெரிந்தது. அவன் சொன்னது சரி. அதை அவனிடம் சொல்லவில்லை, பேசக் கூடாதல்லவா.

அந்த எட்டில்தான் பார்த்தேன். புதர் ஓரத்தில் ஓர் இலை அசைந்தது. இலை இல்லை, காது. அதன் பின்னால் கிளை கிளையாகக் கொம்பு. நான்தான் முதலில் பார்த்தேன்! அவன் முழங்காலைத் தொட்டுத் திசை காட்டினேன். அவன் பார்த்தான், என்னைத் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வையை எப்படிச் சொல்வது? சைக்கிள் ஓட்டக் கற்ற நாளில் ஒருமுறை அப்படிப் பார்த்திருக்கிறான். மெதுவாகத் துப்பாக்கியைத் தூக்கினான்.

நான் சும்மா இருந்திருக்கலாம். என் வேலை முடிந்திருந்தது. ஆனால் இன்னும் பெரிதாகப் பார்க்கலாமே என்று புத்தி சொன்னது. மடியிலிருந்த பன்னிரண்டை எடுத்தேன். வாருக்குள் சொருகியிருந்த அட்டை நழுவி வெளியே வந்து ஃபிளாஸ்க்கில் இடித்தது.

டங்.

சின்னச் சத்தம்தான். எங்கள் வீட்டில் கரண்டி விழுந்தால் இதைவிடப் பெரிதாகக் கேட்கும். மான் தலையைத் தூக்கியது. எங்களையே பார்த்தது. மூக்கால் ஒரு சீறல், வெள்ளை வால் மேலே எழுந்தது, அப்புறம் வெறும் புதர்.

அவன் துப்பாக்கியைத் திறந்து தோட்டாவை எடுத்துச் சட்டைப்பையில் போட்டான். கத்துவான் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் நானும் ஏதாவது ஜோக் அடித்துச் சமாளித்திருப்பேன். அதற்கு மட்டும் எப்போதும் தயாராக இருப்பேன். அவன் தொங்குகிற அட்டையைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

ரொம்ப நேரம் கழித்து, எனக்காகச் சொல்லாத மாதிரி சொன்னான்:

"இட் வாஸ் க்ளௌடி தட் வீக்."

எனக்குப் புரியவில்லை. அன்று வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. எந்த வாரம்டா என்று கேட்க வாயெடுத்தபோதுதான் புரிந்தது. டெலஸ்கோப் வந்த நான்காம் வாரம். வானம் மூடியிருந்த வாரம். நிலாவுக்காக அவன் காத்துக்கொண்டிருந்திருக்கிறான். பதினாறு வருஷமாகச் சொல்லாமலும் இருந்திருக்கிறான். நான் அந்தத் தேடுகிற முகத்தைப் பார்ட்டியில் போட்டுக் காட்டிய இரவுகளில் அவன் மாடிப்படியில் உட்கார்ந்து கேட்டிருப்பான்.

"ஏன்டா அப்பவே சொல்லல?"

"யூ ஹேட் ஆல்ரெடி ரிட்டர்ன்ட் இட்."

திரும்பும் வழியில் என்னிடம் மரியாதையாகத்தான் நடந்துகொண்டான். தண்ணீர் வேண்டுமா என்று இரண்டு தடவை கேட்டான். விமான நிலையத்தில் என் பெட்டியை இறக்கி வைத்தான். "இட்ஸ் ஓகே, அப்பா," என்றான். கோபமாக இருந்திருந்தால் அதில் எனக்கும் ஒரு பங்கு கிடைத்திருக்கும்.

ஊருக்கு வந்ததும் பத்தையும் பன்னிரண்டையும் கடைக்குக் கொண்டுபோனேன். கவுன்டரில் இருந்த பெண், ஏதாவது பிரச்சினையா என்று கேட்டாள். பொருளில் எதுவும் இல்லை என்றேன். எட்டை வைத்துக்கொண்டேன். சமையலறைக் கத்தரியால் அதன் டேகை வெட்டினேன். வெட்டிய அட்டையையும் பைனாகுலரையும் மேஜையில் அருகருகே வைத்து போட்டோ எடுத்து மகனுக்கு அனுப்பினேன். கட்டைவிரல் படம் ஒன்று பதிலாக வந்தது.

அடுத்த நவம்பரில் நானாகவே கேட்டேன். "என்னடா, சீசன் எப்ப ஆரம்பிக்குது?"

"போன வாரமே." தமிழில் சொன்னான். அதுதான் என்னைப் பயமுறுத்தியது. "போய்ட்டு வந்துட்டேன்பா. ஆபீஸ் ஃப்ரெண்ட் ஒருத்தனோட."

"மான் கெடச்சுதா?"

"யா."

"அதேதானா?"

"யா. அதே." பிறகு கேட்டான்: "அங்க குளிரா?"

"ஆமாண்டா, குளிர்தான்," என்றேன்.

போனை வைத்துவிட்டு டெக்குக்குப் போனேன். அவரைக்கொடி காய்ந்துவிட்டிருந்தது. ஆனாலும் மான் ஒன்று வந்து நின்றது, ஐந்தடி தூரத்தில். எட்டை எடுத்துக் கண்ணில் வைத்தேன். அவ்வளவு கிட்டத்தில் அது எதையும் காட்டாது, வெறும் பழுப்பு மங்கல்தான். திருகித் திருகிப் பார்த்தேன்.

மனைவி உள்ளேயிருந்து கேட்டாள். "என்னங்க தெரியுது?"

"இரு," என்றேன். "இன்னும் சரியா வரல."