வீட்டுப் பக்கம், பஸ் பக்கம்

1. வேற ஆளு

கேசட் வியாபாரத்தில் சரக்கு திரும்பி வருவது புதிதல்ல. டேப் சிக்கும். லேபிள் மாறி ஒட்டியிருக்கும். மார்கழி முடிந்ததும் பக்திப் பாட்டு மொத்தமாகத் திரும்பும். ஆனால் தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நாள் பொள்ளாச்சியிலிருந்து எங்கள் காந்திபுரம் ஆபீசுக்கு வந்து இறங்கிய பெட்டிகளோடு வந்த புகாரை நான் அதுவரை கேட்டதில்லை. கேசட்டில் பாடியிருப்பது வேறு ஆள் என்று கடைக்காரர்கள் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

நான் ஒரு மாலைப் பத்திரிகையில் நிருபராக இருந்துவிட்டு அந்தக் கேசட் கம்பெனிக்குப் போனவன். கேசட் டப்பாவுக்குள் செருகும் இன்லே கார்டுக்கு வாசகம் எழுதுவது, மாஸ்டர் டேப்பைக் கேட்டு ஓகே சொல்வது, புகார் வந்தால் போய் விசாரிப்பது ஆகியவை என் வேலை. கடைசி வேலைதான் எனக்குப் பிடித்தது.

கேசட்டின் பெயர் ‘சில்லறை இல்லீங்க’. எழுதி, மெட்டமைத்து, பாடியவர் வெள்ளியங்கிரி. அதற்கு முன்பு பல வருஷமாக மெல்லிசைக் குழுக்களுக்கும், ஜவுளிக்கடை விளம்பரங்களுக்கும், கோயில் நோம்பிகளுக்கும் பாட்டுக் கட்டிக் கொடுத்தவர். பாடிப் பேர் வாங்கியது மற்றவர்கள். ஐம்பதைத் தாண்டிய பிறகுதான் தன் குரலிலேயே எட்டுப் பாட்டுப் பாடி எங்கள் கம்பெனியில் ஒரு கேசட் போட்டார். அது போகவில்லை. மிஞ்சியதைப் பையில் அள்ளிக்கொண்டு, உக்கடத்தில் நிற்கும் பொள்ளாச்சி பஸ் டிரைவர்களுக்கு ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிட்டார்.

சில வருஷம் கழித்துப் பொள்ளாச்சிக் கடைகளில் ‘பஸ்ஸில் பாடுமே, அந்தப் பாட்டு’ என்று கேட்க ஆரம்பித்தார்கள். முதலாளி மறுபதிப்புப் போட்டார். மாஸ்டர் பழையது, அட்டை புதிது. அட்டைப் படத்துக்காக வெள்ளியங்கிரி சபாரி சூட் தைத்துக்கொண்டார். இந்தப் பதிப்பு ஓடினால் அடுத்த கேசட்டும் அவர் குரலில்தான் என்று முதலாளி சொல்லியிருந்தார். ஓடாவிட்டால் பழையபடி எழுதிக் கொடுப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான்.

திரும்பி வந்த பெட்டிகளை வெள்ளியங்கிரி பார்த்துக்கொண்டிருந்தபோதே பொள்ளாச்சிக் கடைக்காரர் போனில் வந்தார். முதலாளி போனை என்னிடம் நீட்டினார்.

“பஸ்ல பாடறது ஒரு எளந்தாரிப் பையனுங்க. நீங்க அனுப்புனதுல யாரோ பெரியவரு, திருநீறு பூசிட்டுப் பாடற மாதிரி பாடறாருங்க. அந்தப் பையன் பாடுனதையே அனுப்பிப்போடுங்க” என்றார்.

எதிரில் உட்கார்ந்திருந்த வெள்ளியங்கிரியின் நெற்றியில் அன்று திருநீறும் இருந்தது. கடைக்காரர் என்ன சொல்கிறார் என்று கேட்டார். சொன்னேன்.

“யாருங்க அந்தப் பையன்?” என்றார். கோபமில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பினார்.

2. திருப்புளி

மறுநாள் நானும் அவரும் உக்கடத்தில் பொள்ளாச்சி பஸ் ஏறினோம். டிரைவருக்குப் பின்சீட்டு கிடைத்தது. வண்டி கிளம்பி, சினிமாப் பாட்டு இரண்டு ஓடியது. இரண்டுமே கொஞ்சம் அவசரமாகத்தான் கேட்டன. பிறகு ‘சில்லறை இல்லீங்க’ வந்தது.

வெள்ளியங்கிரி என் கையைப் பிடித்தார். மெட்டும் சொல்லும் அவருடையவை. குரல் மட்டும் இருபது வயது குறைந்து, சுருதி ஏறி, துள்ளிக்கொண்டு போனது. முதல் பாட்டு முழுவதையும் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

“பையன் நல்லாத்தான் பாடறானுங்க” என்றார்.

கிணத்துக்கடவில் வண்டி நின்றபோது டிரைவரிடம் விசாரித்தேன். அவர் ஒளிக்கவில்லை. டேப் செட்டின் மோட்டாரில் ஒரு சின்ன ஸ்க்ரூ உண்டு. திருப்புளியால் அதைக் கொஞ்சம் திருகினால் பாட்டு வேகம் பிடிக்கும். அந்த ரூட்டில் எல்லா வண்டியிலும் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள்.

“மெதுவா பாடுனா மத்தியானத்துல தூக்கம் வருதுங்ணா. வண்டிக்கும் ஒரு எடுப்பு வேணுமல்லங்க” என்றார்.

எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. சினிமாப் பாட்டையும் அதே வேகத்தில்தான் ஓட்டுகிறார்கள். ஆனால் சினிமாப் பாட்டை ஜனங்கள் ரேடியோவிலும் டாக்கீஸிலும் கேட்டிருக்கிறார்கள். நிஜ வேகம் காதில் இருக்கிறது. வெள்ளியங்கிரியின் பாட்டுக்குப் பஸ்ஸை விட்டால் வேறு இடமே இல்லை. அவர்களுக்கு அதுதான் அசல். வீட்டு டேப்பில் சரியான வேகத்தில் ஓடியது போலி.

பாடியவர் இவர்தான் என்று சொன்னதும் டிரைவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். நம்பவில்லை. ஸ்க்ரூவைப் பழைய இடத்துக்குத் திருப்பிக் காட்டச் சொன்னேன். திருப்பினார். வெள்ளியங்கிரியின் சொந்தக் குரல் கனமாக, நிதானமாக வெளியே வந்தது.

“ஏனுங், பேட்டரி எறங்கிப்போச்சா?” என்று பின்னாலிருந்து ஒரு கல்லூரிப் பையன் கேட்டான். வண்டி சிரித்தது. வெள்ளியங்கிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

டிரைவர் மறுபடி திருப்புளியை எடுத்தார். அப்போது தேங்காய் நார் மில்லுக்கு வேலைக்குப் போகிற ஒரு அம்மாள், அந்தப் பாட்டு முடிகிற வரைக்கும் அப்படியே விடச் சொன்னார். ஓடிக்கொண்டிருந்தது தறிக்குடோன் காதல் பாட்டு.

தறிச் சத்தத்துல நீ சொன்னது
தலைய ஆட்டுனேன், கேக்கலை.

அந்த அம்மாள் வாய்விட்டுச் சிரித்தார். “தெனமும் இந்தப் பாட்டுலதான் வேலைக்குப் போறேன். காதுல ஒண்ணும் கேக்காமயே தலைய ஆட்டிப்போட்டானாமுங்க. இன்னைக்குத்தான் வெளங்குது.”

பாட்டெழுதுகிறவருக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? வெள்ளியங்கிரி ஜன்னலை விட்டுத் திரும்பி, அந்த அம்மாளைப் பார்த்துக் கும்பிட்டார். அவர் எதற்கு என்று தெரியாமல் பதிலுக்குக் கும்பிட்டார்.

3. மிச்ச இடம்

முதலாளிக்கு முடிவெடுக்க நேரமே ஆகவில்லை. ஸ்பூல் மெஷினில் பிட்ச் கன்ட்ரோல் இருக்கிறது, பஸ் வேகத்துக்கு ஏற்றி அடித்துவிடலாம் என்றார். விற்கப்போவது அதுதானே என்பது அவர் வாதம். அதில் தப்பில்லை.

வெள்ளியங்கிரி கெஞ்சவுமில்லை, சண்டை போடவுமில்லை. “அந்தப் பையன் ஓடட்டுமுங்க மொதலாளி. என்னையும் கூட ஏத்திக்குங்க” என்றார்.

அவர் கேட்டது இதுதான். அறுபது நிமிஷ டேப்புக்குப் பதில் தொண்ணூறு நிமிஷ டேப். ஒரு பக்கம் எட்டுப் பாட்டும் அவர் பாடிய வேகத்தில். மறுபக்கம் அதே எட்டும், வீட்டு டேப்பில் போட்டாலே பஸ் வேகத்தில் கேட்கும்படி. முதலாளி முனகினார், பிறகு சம்மதித்தார். லேபிள் வாசகம் என் பொறுப்பு. ஏ, பி என்று போடாமல் ‘வீடு’, ‘பஸ்’ என்று போட்டேன்.

மாஸ்டர் தயாரிக்கும்போது ஒன்று தெரிந்தது. வேகமாக ஓடுவதால் பஸ் பக்கம் சீக்கிரம் முடிந்து, கடைசியில் வெறும் டேப் கொஞ்சம் மிஞ்சியது. வழக்கமாக அதை அப்படியே விட்டுவிடுவோம். வெள்ளியங்கிரி அந்த இடத்தைத் தனக்குத் தரச் சொன்னார். மைக்கைப் போட்டுக் கொடுத்தோம். ஒரே டேக்கில் முடித்தார்.

அந்தப் பதிப்பு பொள்ளாச்சியில் ஓடியது, ஈரோடு வரைக்கும் போனது. அடுத்த கேசட்டையும் அவரே பாடினார். ரெக்கார்டிங் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். ஸ்டுடியோ ஸ்பீக்கரில் ஓகே சொன்னதோடு உங்கள் வேலை முடியவில்லை. ஜனங்கள் எந்த மெஷினில் கேட்கிறார்கள் என்று போய்ப் பாருங்கள். அசல் எது என்பதை அங்கேதான் முடிவு செய்கிறார்கள்.

மிச்ச டேப்பில் அவர் பேசியதை இன்றைக்கும் கேட்கலாம். பஸ் பக்கத்துக் கடைசிப் பாட்டு முடிந்து, சின்ன இடைவெளி விட்டு, அந்தக் கனமான குரல் வரும்:

“வணக்கமுங்க. ரெண்டு பக்கமும் பாடுனது நானேதானுங்க. வேகம் மட்டும் டிரைவரோடதுங்க.”