வாசற்காலுக்குள் நின்ற காளை

காஞ்சனா அக்கா இறந்த செய்தியை எனக்குச் சொன்னவர், அவர் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரர். “தூக்கத்துலயே போயிட்டாங்கம்மா” என்றார். அதே மூச்சில், “அந்த மாட்ட என்ன பண்றது?” என்றும் கேட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் போனை வைத்துவிட்டேன்.

விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைக்காரர்கள் எல்லோருக்கும் அக்காவைத் தெரியும். பகலெல்லாம் என் பக்கத்தில் உட்கார்ந்து அச்சுப் பொம்மைகளுக்குக் கண் எழுதுவார். வீட்டுக்குப் போனால் சொந்தச் சிலைகள். பன்றி உடம்பில் பஸ் கண்டக்டர் முகம். ஆமை ஓட்டுக்குள் செல்போன் பார்க்கும் பெண். “மிருகம் ஆதியில இருந்து ஒரே மாதிரி இருக்குது. நம்ம மூஞ்சிதான் நாளுக்கு ஒண்ணா மாறுது” என்பார். என்னைக் கேட்காமலேயே என்னைக் கீரியாகச் செய்தார். சண்டைக்காரியாம் நான். ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.

கடைசியாகச் செய்தது காளை. அதற்குத் தன் முகத்தையே வைத்தார். வாசலைவிட அகலமாக வளர்ந்தபோது, “இது எப்படி வெளிய வந்து சூளைக்குப் போவும்?” என்று நான் கேட்டேன். “பச்ச மண்ணுதான வசந்தா, காயக் காயச் சுருங்கிடும். கணக்குப் போட்டுத்தான் செய்யறன்” என்றார். மண்ணில் கை வைத்தவர் மட்டுமே போடக்கூடிய கணக்கு அது. காளை காய்ந்தது, சுருங்கவும் செய்தது. ஆனாலும் இடுப்பு இரண்டு விரற்கடை மிஞ்சி நின்றது.

வாசற்காலைக் கழற்ற வீட்டுக்காரர் ஒப்பவில்லை. “பூஜ போட்டு நிறுத்துனதுங்க. எடுத்தா லச்சுமி போயிடுவா.” துண்டாக அறுத்துச் சுடலாம் என்று நான் சொன்னதற்கு, “கூறு போட இது என்ன கறிக்கடையா?” என்று அக்கா சீறினார். சென்னைக் கண்காட்சிக்கு அழைப்பு வந்தது, போகவில்லை. வேறு வீடும் பார்க்கவில்லை. “அது மாட்டிக்கிச்சா, நான் மாட்டிக்கிட்டனான்னு தெரியல” என்று ஒருமுறை சொன்னார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

காரியம் முடிந்ததும் வீட்டுக்காரரே கொத்தனாரைக் கூட்டி வந்தார். சாவு விழுந்த வீடாம், வாசற்காலை மாற்றியாக வேண்டுமாம். உயிரோடு இருந்தவளுக்கு நகராத மரம்!

ஆட்கள் காளையைத் தூக்கி வந்து தெருவில் வைத்தார்கள். மேலெல்லாம் வறண்ட மண். சுவரைப் பார்த்து நின்ற விலா மட்டும் எண்ணெய் தடவியதுபோல மின்னியது. அடுப்படிக்குப் போக அந்தப் பக்கம் ஓர் ஆள் ஒடுங்கி நுழையும் சந்துதான் இருந்தது. போகும்போதும் வரும்போதும் அக்காவின் புடவை தேய்த்து ஏற்றிய மினுக்கம் அது. நடுத்தெருவில் நின்று அழுதேன்.

காளை இப்போது என் கொட்டகையில் நிற்கிறது. சூளையில் இடம் தருகிறோம் என்று தெரிந்தவர்கள் கூப்பிடுகிறார்கள். அந்தச் சூட்டில் மினுக்கம் நிற்காது. சுடாமல் வைத்தாலோ ஒரு மழைக்குக் கரைந்துவிடும். வானம் கறுத்தால் போட்டது போட்டபடி ஓடி வந்து தார்ப்பாயை இழுத்துக் கட்டுகிறேன். திட்டக்குடியில் மகள் பிள்ளை பெற்றிருக்கிறாள், இன்னும் போய்ப் பார்க்கவில்லை. “அத சுட்டுட்டு வந்துடும்மா” என்கிறாள்.

அக்கா நடமாடிய தடமென்று என்னிடம் இருப்பது அந்த ஒரு பக்கத்து விலாதான். அதை நெருப்பில் வைக்க எனக்குக் கை வரவில்லை.