நாலு மணி ரத்தம்

திருத்தணிக்கே மாற்றலாகி வந்த பிறகும் வரலட்சுமிக்கு ஐந்து மணிக்கெல்லாம் விழிப்பு வந்துவிடும். பத்து வருஷம் ரயில் பிடித்த உடம்பு. அரக்கோணத்தில் வண்டி மாறி, பெண்கள் பெட்டியில் பூக்கூடைகளுக்கு நடுவே நின்றபடி சென்னை போய், ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தில் கையெழுத்துப் போட்ட நாட்கள் அவை. தறிக்கார வீட்டுப் பெண் ரத்தம் பார்க்கப் போவதா என்று அம்மா அழுதாள். நைனாதான், "போவட்டும், படிச்சிருக்குது இல்ல" என்றார்.

எண்பத்திரண்டில் அங்கே இதய பைபாஸ் ஆபரேஷன் நடந்துகொண்டிருந்தது. இதயத்தை நிறுத்தி, அதன் வேலையை ஓர் இயந்திரத்திடம் கொடுப்பார்கள். இயந்திரத்தில் நிரப்பிய திரவம் கலந்து ரத்தம் நீர்த்துப்போகும். அதிலுள்ள புரதம் குறையும். பிறகு மெல்ல ஏறும். அந்த இறக்கத்தையும் ஏற்றத்தையும் டாக்டர் பாலசுப்பிரமணியன் ஆராய்ந்தார். ரத்தம் எடுத்த கண்ணாடிக் குழாய்களை வேகமாகச் சுழற்றி, மேலே தெளியும் மஞ்சள் நீரில் புரதத்தை அளப்பது வரலட்சுமியின் வேலை.

ஒரு செவ்வாய்க்கிழமை, காலையில் ஆபரேஷன் முடிந்த துரைக்கண்ணுவுக்குச் சாயங்காலம் நாலு மணிக்கு எடுத்த ரத்தம் வந்தது. அரக்கோணத்து ரயில்வே தொழிலாளி. ஏறியிருக்கவேண்டிய புரதம், இயந்திரத்தில் இருந்தபோதைவிட இறங்கியிருந்தது. மறுபடி அளந்தாள். அதே எண்.

"டிரிப் ஏறுற கையில எடுத்திருப்பாங்கம்மா, அந்தத் தண்ணி கலந்திருக்கும்" என்றார் டாக்டர்.

"இன்னொரு கையில எடுத்துக் குடுங்க சார். பார்த்துட்டே போறேன்."

அவளுடைய வண்டி போய்விட்டது. புது ரத்தத்தில் புரதம் இன்னும் குறைந்திருந்தது. டாக்டர் மாடி வார்டுக்கு ஓடினார். நெஞ்சில் கசிவதை வெளியேற்றும் குழாய் அடைத்து, உள்ளே ரத்தம் தேங்கிக்கொண்டிருந்தது. போன ரத்தத்தின் இடத்தை டிரிப் தண்ணீர் நிரப்பியதால்தான் புரதம் இறங்கியிருந்தது. உடனே மறுபடி நெஞ்சைத் திறந்து கசிவை அடைத்தார்கள். துரைக்கண்ணு பிழைத்தார்.

இரண்டு மாதம் கழித்து, அரக்கோணம் பிளாட்பாரத்தில் அவர் மனைவி தாயாரம்மாள் வரலட்சுமியின் கையைப் பிடித்துக்கொண்டாள். டாக்டர் அடையாளம் சொல்லியிருந்தாராம்.

"என் ரத்தத்துல இன்னாத்தம்மா கண்டே?" என்றார் துரைக்கண்ணு.

"தண்ணியா கீதேன்னு பார்த்தேங்க."

சிரித்தவர் வலியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "சிரிக்காதன்னு சொல்லிக்கினே கீறேன்!" என்று தாயாரம்மாள் அதட்டினாள்.

மறு வருஷம் டாக்டரின் கட்டுரை அச்சாகி வந்தது. வரைபடத்தில் இருபத்து மூன்று பேர். துரைக்கண்ணு இல்லை. மறுபடி நெஞ்சைத் திறந்ததால் அவரைக் கணக்கில் சேர்க்க முடியாது என்றார் டாக்டர். நியாயம்தான். ஆனால் வரலட்சுமிக்கு மனசு கேட்கவில்லை. அன்றைக்கே ரயிலில் கட்டுரையை மடிமேல் வைத்து, வரைபடத்தில் பென்சிலால் அவருடைய எண்களுக்கும் புள்ளி வைத்தாள். வண்டி ஆடியதில் ஒன்று சற்றுத் தள்ளி விழுந்தது.